சிங்கப்பூரிலிருந்து நியூயார்க் எத்தனை கிலோமீட்டர்? விமான தூரத்தை நாமே கணக்கிட ஒரு முழு வழிகாட்டி

சிங்கப்பூர் சாங்கி விமான நிலையத்துக்கும் நியூயார்க் ஜேஎஃப்கே விமான நிலையத்துக்கும் இடையே 2020 நவம்பரிலிருந்து நேரடி விமானம் ஓடுகிறது. உலகிலேயே மிக நீளமான பயணிகள் விமானச் சேவை என்று பேசப்படுவது இதுதான். இந்த இரண்டு ஊருக்கும் எவ்வளவு தூரம் என்று தேடிப் பார்த்தால் ஒரு இடத்தில் 15,340 கி.மீ. என்றும், இன்னொரு இடத்தில் அதைவிட எட்டு, ஒன்பது கிலோமீட்டர் கூடுதலாகவும் இருக்கும். பக்கத்திலேயே இருக்கும் நியூவார்க் விமான நிலையத்துக்கான சேவையை 2018-இல் மறுபடி தொடங்கியபோது சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் நிறுவனம் சொன்ன தூரம் சுமார் 16,700 கி.மீ. சுவரில் மாட்டிய தட்டை வரைபடத்தில் ஸ்கேல் வைத்து நேர்கோடு போட்டு, அந்தக் கோட்டின் வழியே பூமியில் போனால் 18,500 கி.மீ. ஆகும்.

இவற்றில் எதுவும் பொய் இல்லை. ஒவ்வொன்றும் ஒவ்வொரு கேள்விக்கான பதில். அந்தக் கேள்விகளைப் பிரித்துப் பார்க்கத் தெரிந்துவிட்டால், உலகின் எந்த இரண்டு விமான நிலையங்களுக்கு இடையிலும் தூரத்தை பள்ளிக்கூட கால்குலேட்டரை வைத்தே கண்டுபிடித்துவிடலாம். அதைவிட முக்கியம், இணையம் தரும் எண் சரியா தப்பா என்று நாமே சரிபார்க்கலாம். சிங்கப்பூர்–நியூயார்க் பாதையையே உதாரணமாக வைத்துக்கொண்டு முதலிலிருந்து போவோம்.

முதலில்: எந்த தூரம் வேண்டும்?

விமான தூரம் என்று சொல்லும்போது மூன்று தூரங்கள் கலந்துவிடுகின்றன. பூமியின் மேற்பரப்பில் இரண்டு புள்ளிகளுக்கு இடையே இருக்கும் மிகக் குறுகிய வழி ஒன்று. இதைப் பெருவட்ட தூரம் என்கிறோம். விமானம் அன்றைக்கு உண்மையில் வளைந்து நெளிந்து பறந்த பாதையின் நீளம் இரண்டாவது. காற்றோடு சேர்த்துப் பார்க்கையில் விமானம் காற்றுக்குள் எவ்வளவு தூரம் நகர்ந்தது என்பது மூன்றாவது. எரிபொருள் கணக்குப் போடுகிறவர்களுக்கு இந்த மூன்றாவதுதான் உயிர்.

முதல் தூரம் மாறாது. மற்ற இரண்டும் நாளுக்கு நாள் மாறும். எனவே கணக்கை எப்போதும் பெருவட்ட தூரத்திலிருந்து தொடங்குவதே நல்லது.

இடத்தைக் குறிக்கும் எண்களை எடுப்பது

இரண்டு நிலையங்களின் அட்சரேகை, தீர்க்கரேகை மட்டும் போதும். விக்கிபீடியாவிலோ அவர்ஏர்போர்ட்ஸ் (OurAirports) தளத்திலோ எடுத்துக்கொள்ளலாம். ஒவ்வொரு நாட்டின் விமானப் போக்குவரத்து ஆணையமும் வெளியிடும் அதிகாரப்பூர்வ ஆவணத்திலும் நிலையத்தின் மையப்புள்ளி இருக்கும்.

ஊர் பெயரை நம்பி எடுக்க வேண்டாம். நியூயார்க் என்று தேடினால் மன்ஹாட்டன் நடுவில் ஒரு புள்ளி கிடைக்கும். அந்த ஊருக்கு மட்டுமே ஜேஎஃப்கே, நியூவார்க், லாகார்டியா என மூன்று பெரிய விமான நிலையங்கள். ஒவ்வொரு விமான நிலையத்துக்கும் உள்ள மூன்றெழுத்துக் குறியீட்டைப் பார்த்து உறுதி செய்துகொண்டு எடுங்கள்.

நம் இரண்டு நிலையங்களும் இப்படி:

சாங்கி: வடக்கு 1°21′33″, கிழக்கு 103°59′22″
ஜேஎஃப்கே: வடக்கு 40°38′23″, மேற்கு 73°46′44″

இது பாகை, நிமிடம், நொடி என்ற கணக்கு. இதை தசம எண்ணாக மாற்ற வேண்டும். நிமிடத்தை 60-ஆல் வகுத்து, நொடியை 3,600-ஆல் வகுத்து, பாகையோடு கூட்டினால் போதும். ஜேஎஃப்கேயின் அட்சரேகைக்கு 40 + 38/60 + 23/3600 = 40.6397. நிறையப் பேர் தடுக்கி விழும் இடம் இது. 40°38′23″ என்பதை அப்படியே 40.3823 என்று எழுதிவிடுவார்கள். இந்த ஒரு தவறு மட்டும் விமான நிலையத்தை 28 கிலோமீட்டருக்கும் மேல் தெற்கே தள்ளிவிடும். அதாவது கடலுக்குள்.

அடுத்தது குறி. வடக்கும் கிழக்கும் கூட்டல். தெற்கும் மேற்கும் கழித்தல். ஆகவே:

சாங்கி: 1.3592, 103.9894
ஜேஎஃப்கே: 40.6397, −73.7789

அந்தக் கழித்தல் குறி விட்டுப்போனால் என்ன ஆகும் என்று ஒருமுறை போட்டுப் பார்ப்பது நல்லது. தூரம் சுமார் 5,320 கி.மீ. என்று வரும். கணக்கில் பிழையே இருக்காது, இடம்தான் வேறு. 73.7789 கிழக்கு என்பது கிர்கிஸ்தானில், ஓஷ் நகரத்துக்குக் கிழக்கே இருக்கும் மலைப்பகுதி. எக்செல் எந்த எச்சரிக்கையும் தராது, அழகாக ஒரு எண்ணைக் கொடுத்துவிட்டுப் போய்விடும். அதனால்தான் தோராயமான விடை என்ன என்று முன்கூட்டியே தெரிந்து வைத்திருப்பது அவசியம். அதற்கு ஒரு வழி இருக்கிறது.

உருண்டையில் நூல் வைத்துப் பார்ப்பது

வீட்டில் பிள்ளைகளின் உலக உருண்டை இருந்தால் எடுங்கள். ஒரு நூலின் ஒரு நுனியை சிங்கப்பூரிலும் மறு நுனியை நியூயார்க்கிலும் வைத்து விறைப்பாக இழுங்கள். நூல் இந்தியா பக்கமும் போகாது, பசிபிக் பக்கமும் போகாது. நேராக வடக்கே ஏறி, சீனா, மங்கோலியா, சைபீரியா வழியாக வட துருவத்தை ஒட்டிப் போய், கனடாவின் மேல் இறங்கி நியூயார்க்கைத் தொடும். முதல்முறை பார்க்கிறவர்கள் பாதி நேரம் நூலைத் திருப்பித் திருப்பி வைத்துப் பார்ப்பார்கள். எங்கே வைத்தாலும் நூல் துருவத்துக்கே வழுக்கிப் போகும்.

உங்கள் உருண்டை 30 செ.மீ. விட்டம் உள்ளது என்றால், அதன் சுற்றளவு சுமார் 94 செ.மீ. பூமியின் சுற்றளவு சுமார் 40,030 கி.மீ. ஆக, நூலில் ஒரு சென்டிமீட்டர் என்பது ஏறக்குறைய 425 கி.மீ. சிங்கப்பூர்–நியூயார்க் நூல் 36 செ.மீ. வரும். 36 × 425 = 15,300. நூலை வைத்தே இவ்வளவு நெருங்கிவிட்டோம்!

இந்த நூல் போகும் வழிதான் பெருவட்டம். பூமியின் மையம் வழியாக ஒரு கத்தியால் வெட்டினால் மேற்பரப்பில் கிடைக்கும் வட்டம் அது. தட்டை வரைபடத்தில் அது வில்போல வளைந்து தெரிவது வரைபடத்தின் குறை. துருவத்தை இழுத்து நீட்டிவிடுகிற வரைபடங்களில், உருண்டை மேல் மிகக் குறுகலாக இருக்கும் வழி மிக நீளமானதாகக் கண்ணுக்குத் தெரியும்.

துருவத்தை வைத்து சட்டென்று ஒரு கணக்கு

நூல் துருவத்தை ஒட்டிப் போனதற்குக் காரணம் தீர்க்கரேகைகளில் இருக்கிறது. 103.9894-உம் −73.7789-உம், வித்தியாசம் 177.7683 பாகை. சரியாக 180 இருந்திருந்தால் இரண்டு ஊர்களும் துருவத்துக்கு நேர் எதிரெதிர்ப் பக்கம். குறுகிய வழி துருவத்தின் மேலேயே போயிருக்கும்.

துருவம் வழியாகவே போவதாக வைத்துக்கொள்வோம். சிங்கப்பூரிலிருந்து துருவத்துக்கு 90 − 1.3592 = 88.6408 பாகை. அங்கிருந்து நியூயார்க்குக்கு 90 − 40.6397 = 49.3603 பாகை. கூட்டினால் 138.0011 பாகை. பூமியின் சுற்றளவை 360-ஆல் வகுத்தால் வரும், ஒரு பாகைக்கு 111.195 கி.மீ. என்ற கணக்கில் 15,345 கி.மீ. சைன், காஸ் எதுவும் தொடாமல், கூட்டல் கழித்தல் பெருக்கலிலேயே வந்த விடை இது. முழுக் கணக்கு போட்டால் வித்தியாசம் ஐந்தாறு கிலோமீட்டர்தான் என்று சற்று நேரத்தில் பார்ப்போம்.

எல்லா ஊர்களுக்கும் இது பொருந்தாது. ஆனால் அமெரிக்கக் கிழக்குக் கரையும் தென்கிழக்கு ஆசியாவும் போல எதிரெதிரே இருக்கும் இடங்களுக்கு இதைவிட நல்ல சரிபார்ப்பு இல்லை.

முழுக் கணக்கு

மூன்று முனைகள் கொண்ட ஒரு முக்கோணத்தை உருண்டையின் மேல் நினைத்துக்கொள்ளுங்கள். ஒரு முனை வட துருவம், மற்ற இரண்டும் நம் விமான நிலையங்கள். இரண்டு பக்கங்களின் நீளம் தெரியும். அவற்றை மேலே கண்டுபிடித்துவிட்டோம். துருவத்தில் அவற்றுக்கு இடையே உள்ள கோணமும் தெரியும். அது தீர்க்கரேகை வித்தியாசம். மூன்றாவது பக்கம்தான் நமக்கு வேண்டிய தூரம். கோள முக்கோணவியலின் கொசைன் விதி அதைத் தருகிறது:

காஸ்(கோணம்) = சைன்(அட்ச 1) × சைன்(அட்ச 2) + காஸ்(அட்ச 1) × காஸ்(அட்ச 2) × காஸ்(தீர்க்க வித்தியாசம்)

கால்குலேட்டர் பாகை முறையில் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். கோணத்தை அளக்கும் இன்னொரு அலகான ரேடியன் முறையில் கிடந்தால் வருகிற விடைக்கு எந்த அர்த்தமும் இருக்காது. அப்புறம் ஒவ்வொன்றாக:

சைன்(1.3592) = 0.02372
காஸ்(1.3592) = 0.99972
சைன்(40.6397) = 0.65130
காஸ்(40.6397) = 0.75882
காஸ்(177.7683) = −0.99924

முதல் பகுதி: 0.02372 × 0.65130 = 0.01545
இரண்டாம் பகுதி: 0.99972 × 0.75882 × (−0.99924) = −0.75803
கூட்டினால்: −0.74258

இதன் தலைகீழ் காஸ் எடுத்தால் 137.952 பாகை. விடை கழித்தல் எண்ணாக வந்ததைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். கோணம் 90 பாகையைத் தாண்டிவிட்டது, அதாவது பூமியின் கால் சுற்றுக்கு மேல் தூரம் இருக்கிறது என்பதற்கான அடையாளம் அது. சுமார் 10,000 கி.மீ.க்கு மேற்பட்ட எந்தப் பாதைக்கும் இங்கே கழித்தல்தான் வரும்.

இனி ஒரே படிதான் பாக்கி. கோணத்தை ரேடியனாக்க 3.14159-ஆல் பெருக்கி 180-ஆல் வகுக்க வேண்டும்: 2.40771. அதைப் பூமியின் சராசரி ஆரம் 6,371 கி.மீ.ஆல் பெருக்கினால் 15,340 கி.மீ.

துருவ வழியில் 15,345, இதில் 15,340. இந்தப் பெருவட்டம் வட துருவத்திலிருந்து சுமார் 280 கி.மீ. தள்ளி, 87.5 பாகை அட்சரேகை வரை ஏறிவிட்டு இறங்குகிறது. சாங்கியில் ஓடுபாதையை விட்டு எழும்பியதும் விமானம் முகம் வைக்க வேண்டிய திசை 357.5 பாகை. கிட்டத்தட்ட நேர் வடக்கு. அமெரிக்கா போகிற விமானம்!

கடல் மைலில் வேண்டுமானால் இன்னும் எளிது. பூமியின் மேற்பரப்பில் ஒரு பாகையின் அறுபதில் ஒரு பங்குதான் கடல் மைலின் தொடக்கம். அதனால் கோணத்தை 60-ஆல் பெருக்கினாலே போதும்: 137.952 × 60 = 8,277 கடல் மைல். இன்று ஒரு கடல் மைல் சரியாக 1.852 கி.மீ. என்று வரையறுக்கப்பட்டிருக்கிறது. திருப்பிப் பெருக்கினால் 15,329 கி.மீ. வரும். பத்து கிலோமீட்டர் வித்தியாசம், ஆனால் விமானி அறையில் மனக்கணக்குக்கு இதுவே தாராளம். சாதாரண மைலில் வேண்டுமானால் கிலோமீட்டரை 1.609344-ஆல் வகுத்துக்கொள்ளுங்கள். விமானத் துறையில் மைல் என்றால் கடல் மைல், பயணிகளின் மைலேஜ் திட்டத்தில் மைல் என்றால் பெரும்பாலும் சாதாரண மைல். இரண்டையும் குழப்பினால் 15 சதவீதம் வித்தியாசம் வந்துவிடும்.

எக்செல்லில் போடுவது எப்படி

நிறைய ஊர்களுக்குப் பார்க்க வேண்டுமென்றால் எக்செல் அல்லது கூகுள் ஷீட்ஸ். நான்கு கட்டங்களில் நான்கு எண்களை வைத்துக்கொண்டு மேலே சொன்ன சூத்திரத்தை அப்படியே எழுதலாம். ஒரே ஒரு நிபந்தனை: எக்செல்லின் சைன், காஸ் எல்லாம் ரேடியனில்தான் வேலை செய்யும். அதனால் ஒவ்வொரு எண்ணையும் ரேடியன்ஸ் என்ற பங்ஷனுக்குள் போட்டு அனுப்ப வேண்டும். கடைசியில் வரும் ஏகாஸ் (தலைகீழ் காஸ்) விடை ஏற்கெனவே ரேடியன்தான். நேராக 6371-ஆல் பெருக்கிவிடலாம்.

பலர் ஹாவர்சைன் சூத்திரத்தைத்தான் பயன்படுத்த வேண்டும் என்று சொல்வார்கள். மிக அருகிலிருக்கும் இரண்டு புள்ளிகளுக்கு, ஒரே ஊரின் இரண்டு தெருக்களுக்கு என்று வைத்துக்கொள்ளுங்கள், காஸ் மதிப்பு ஒன்றுக்கு மிக நெருக்கமாகப் போய் தசம இலக்கங்கள் தொலைந்துவிடும். அட்டவணை பார்த்துக் கணக்குப் போட்ட மாலுமிகள் காலத்தில் இது பெரிய தலைவலி. தொலைதூர விமான நிலையங்களுக்கு இன்றைய கணினியில் இரண்டும் ஒரே விடைதான் தரும். ஆனாலும் சரிபார்ப்புக்காகத் தெரிந்து வைத்துக்கொள்ளலாம்:

ஹ = சைன்²(அட்ச வித்தியாசத்தில் பாதி) + காஸ்(அட்ச 1) × காஸ்(அட்ச 2) × சைன்²(தீர்க்க வித்தியாசத்தில் பாதி)

நம் பாதைக்கு 0.11297 + 0.75832 = 0.87129. இதன் வர்க்கமூலம் 0.93343. தலைகீழ் சைன் 68.976 பாகை. இரட்டிப்பாக்கினால் அதே 137.952.

இணையத்தில் கிடைக்கும் ஹாவர்சைன் நிரல்கள் பலவற்றில் கடைசிப் படி ஏடேன்2 என்ற தலைகீழ் டேன் பங்ஷனாக இருக்கும். பைத்தானிலும் ஜாவாஸ்கிரிப்டிலும் அதற்குள் முதலில் ஒய், பிறகு எக்ஸ். எக்செல்லிலும் கூகுள் ஷீட்ஸிலும் முதலில் எக்ஸ், பிறகு ஒய். அப்படியே நகலெடுத்தால் விடை தலைகீழாகிவிடும். மேலே காட்டியதுபோல வர்க்கமூலமும் தலைகீழ் சைனும் வைத்து எழுதினால் இந்த வம்பே இல்லை.

விடை வந்ததும் ஒரு பார்வை பாருங்கள். 20,015 கி.மீ.க்கு மேல் எந்த எண் வந்தாலும் அது தப்பு. அது பூமியின் பாதிச் சுற்று; அதைவிடத் தூரத்தில் பூமியில் எந்த இடமும் இல்லை.

பூமி சரியான உருண்டை இல்லையே?

ஆமாம். நடுக்கோட்டில் ஆரம் 6,378.137 கி.மீ., துருவத்தில் 6,356.752 கி.மீ. ஜிபிஎஸ் பயன்படுத்தும் டபிள்யூஜிஎஸ்84 மாதிரியின் எண்கள் இவை. நம் கணக்கில் 6,371-க்குப் பதில் நடுக்கோட்டு ஆரத்தைப் போட்டால் 15,357 கி.மீ., துருவ ஆரத்தைப் போட்டால் 15,305 கி.மீ. எனவே ஆரத்தை இஷ்டத்துக்கு மாற்றாமல் 6,371-லேயே நில்லுங்கள்.

தட்டையான உருண்டையின் மேல் துல்லியமாகக் கணக்கிட, 1975-இல் வின்சென்டி வெளியிட்ட முறை நெடுங்காலமாகப் பயன்படுகிறது. விடை நிலைபெறும்வரை திரும்பத் திரும்பப் போட வேண்டிய கணக்கு அது. பூமியில் ஒன்றுக்கொன்று நேர் எதிர்ப்பக்கம் இருக்கும் புள்ளிகளுக்குச் சில நேரம் விடை தராமல் சுற்றிக்கொண்டே இருக்கும். 2013-இல் சார்ல்ஸ் கார்னி வெளியிட்ட முறையில் அந்தக் குறை இல்லை. பைத்தானில் ஜியோபை நூலகத்தை வைத்திருந்தால் ஜியோடெசிக் என்ற பெயரில் அதுதான் உள்ளே ஓடுகிறது. அந்த மாதிரியில் நம் பாதை 15,348 கி.மீ. அளவில் வரும். உருண்டைக் கணக்கோடு எட்டு கிலோமீட்டர் வித்தியாசம், ஆயிரத்தில் ஒரு பங்குகூட இல்லை. தொடக்கத்தில் சொன்ன அந்தச் சின்ன வித்தியாசத்துக்குக் காரணம் இவ்வளவுதான்.

விமானம் 11 கி.மீ. உயரத்தில் பறக்கிறதே, அங்கே வட்டம் பெரிதாக இருக்காதா என்று சிலர் கேட்பதுண்டு. இருக்கும். முழுப் பயணத்துக்கும் சேர்த்து சுமார் 26 கி.மீ. கூடும். யாரும் அதைக் கணக்கில் சேர்ப்பதில்லை.

நடுவில் இறங்கிப் போனால்

சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் ஃப்ராங்க்ஃபர்ட் வழியாகவும் நியூயார்க் போகிறது. அதற்கு இரண்டு துண்டுகளாகப் போட்டுக் கூட்ட வேண்டும். ஃப்ராங்க்ஃபர்ட் 50.0264, 8.5431. சாங்கியிலிருந்து அங்கே 10,280 கி.மீ.; அங்கிருந்து ஜேஎஃப்கே 6,188 கி.மீ. மொத்தம் 16,468 கி.மீ. நேரடி வழியைவிட 1,128 கி.மீ., அதாவது ஏழு சதவீதத்துக்குக் கொஞ்சம் அதிகம். ஐரோப்பாவில் இறங்கி ஏறுவது பெரிய சுற்று என்று தோன்றும். உருண்டையின் மேல் அது அவ்வளவு பெரிய சுற்று இல்லை.

விமானத்தின் உண்மையான பாதையைக் கணக்கிடுவதும் இதே வேலைதான், துண்டுகள் மட்டும் அதிகம். விமானத் திட்டம் என்பது ஐந்தெழுத்துப் பெயர் கொண்ட வழிப்புள்ளிகளின் வரிசை. ஒவ்வொரு புள்ளியிலிருந்து அடுத்த புள்ளிக்குப் பெருவட்ட தூரம் எடுத்துக் கூட்டிக்கொண்டே போக வேண்டும். ஃப்ளைட்ரேடார்24, ஃப்ளைட்அவேர் தளங்களில் பறந்து முடிந்த ஒரு விமானத்தின் பாதையைத் திறந்து, வளைவு மாறும் இடங்களில் பத்துப் பதினைந்து புள்ளிகளைக் குறித்துக்கொண்டு எக்செல்லில் போட்டால், பறந்த தூரம் ஓரளவு சரியாகவே கிடைத்துவிடும். நடுக்கடலில் ரேடார் தெரியாத இடங்களில் அந்தத் தளங்கள் யூகித்துக் கோடு போடும், அதை மட்டும் கவனத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

15,340 எப்படி 16,700 ஆகிறது?

நியூவார்க் பாதையின் பெருவட்ட தூரம் ஜேஎஃப்கேயைவிட ஐந்து கிலோமீட்டர் குறைவு. ஆனால் நிறுவனம் சொன்னது 16,700. ஒன்பது சதவீதம் கூடுதல். இதில்தான் இந்தப் பொருளின் சுவாரசியமே இருக்கிறது.

முதல் காரணம் காற்று. நடு அட்சரேகைகளில் மேற்கிலிருந்து கிழக்காக ஜெட் ஸ்ட்ரீம் என்ற வேகமான உயரக் காற்று ஓடுகிறது, குளிர்காலத்தில் மணிக்கு 200 கி.மீ.யைத் தாண்டுவது சாதாரணம். சிங்கப்பூரிலிருந்து கிளம்பும் விமானம் பெரும்பாலும் வட பசிபிக் வழியாகக் கிழக்கே போவது இதற்காகத்தான். தரையில் தூரம் கூடும். காற்றில் தூரம் குறையும். எளிய கணக்கு ஒன்று: விமானம் காற்றில் மணிக்கு 900 கி.மீ. போகிறது, பின்னாலிருந்து 100 கி.மீ. காற்று தள்ளுகிறது. பத்து மணி நேரத்தில் தரையில் 10,000 கி.மீ. கடந்திருக்கும், ஆனால் என்ஜின் உழைத்தது 9,000 கி.மீ.க்குத்தான். எரிபொருள் இந்த 9,000-ஐப் பார்த்தே செலவாகும். ஆயிரம் கிலோமீட்டர் சுற்றிப் போவதில் லாபம் எப்படி வருகிறது என்பது இப்போது புரியும்.

காற்று எவ்வளவு தள்ளும் என்பதற்கு ஒரு நல்ல சாட்சி 2020 பிப்ரவரியில் கிடைத்தது. கியாரா புயலின்போது பிரிட்டிஷ் ஏர்வேஸின் 747 ஒன்று ஜேஎஃப்கேயிலிருந்து லண்டன் ஹீத்ரோவுக்கு 4 மணி 56 நிமிடத்தில் போய்ச் சேர்ந்தது. பெருவட்ட தூரம் சுமார் 5,540 கி.மீ. சராசரி வேகம் மணிக்கு 1,120 கி.மீ.க்கு மேல்!

அடுத்தது வான்வெளி. குறுகிய வழி எந்த நாட்டின் மேலே போகிறதோ அந்த நாடு அனுமதிக்க வேண்டும். ஹெல்சிங்கியிலிருந்து டோக்கியோ நரிட்டாவுக்குப் பெருவட்ட தூரம் 7,800 கி.மீ.க்குச் சற்று மேல், அதுவும் பெரும்பகுதி ரஷ்யாவின் மேல். 2022-இல் ரஷ்ய வான்வெளி மூடப்பட்டதும் ஒன்பது, ஒன்பதரை மணி நேரத்தில் போய்க்கொண்டிருந்த ஃபின்ஏர் விமானம் சுமார் பதின்மூன்று மணி நேரம் பறக்க வேண்டியதாயிற்று. இரண்டு ஊரும் இருந்த இடத்தில்தான் இருக்கின்றன. நம் பக்கத்திலும் 2019-இல் சில மாதங்கள், மறுபடி 2025 ஏப்ரலிலிருந்து, பாகிஸ்தான் வான்வெளி மூடியதால் டெல்லியிலிருந்து மேற்கே போகும் இந்திய விமானங்கள் தெற்கே இறங்கிச் சுற்ற வேண்டி வந்தது.

பிறகு பாதுகாப்பு. இரண்டு என்ஜின் விமானத்தில் ஒரு என்ஜின் பழுதானால் இறங்க ஒரு நிலையம் குறிப்பிட்ட நேரத்துக்குள் எட்டும் தொலைவில் இருக்க வேண்டும். துருவப் பாதையில் குளிரும் ஒரு பிரச்சினை: ஜெட் ஏ-1 எரிபொருளின் உறைநிலை வரம்பு −47 டிகிரி. இதோடு கிளம்பும்போதும் இறங்கும்போதும் போடும் சுற்றுகள் ஒவ்வொரு பயணத்திலும் சில பத்துக் கிலோமீட்டர்களைச் சேர்க்கும்.

தூரத்திலிருந்து நேரம்

பறக்கும் தூரத்தை 900-ஆல் வகுத்தாலே நல்ல மதிப்பீடு கிடைக்கும். 16,700 / 900 = 18.6 மணி. நியூவார்க் சேவை தொடங்கியபோது சொல்லப்பட்ட நேரம் 18 மணி 45 நிமிடம். பெருவட்ட தூரத்தை வகுத்திருந்தால் 17 மணி என்று வந்திருக்கும். குறுகிய தூரங்களுக்கு இந்த விடையோடு அரை மணி சேர்த்துக்கொள்ளுங்கள். மேலேறவும் இறங்கவும் ஆகும் நேரம் அங்கே பெரிதாகத் தெரியும். டிக்கெட்டில் இருக்கும் புறப்பாடு, வருகை நேரங்களைக் கழித்துப் பார்த்தால் உள்ளூர் நேர வித்தியாசம் குழப்பிவிடும். சிங்கப்பூருக்கும் நியூயார்க்குக்கும் கோடையில் 12 மணி, குளிர்காலத்தில் 13 மணி வித்தியாசம்.

எந்த இடத்தில் எந்த எண்?

விமானம் தாமதமானால் இழப்பீடு தரும் ஐரோப்பிய விதி 261 பெருவட்ட தூரத்தைத்தான் எடுக்கிறது. 1,500 கி.மீ. வரை 250 யூரோ, 3,500 கி.மீ.க்கு மேற்பட்ட நெடும்பயணங்களுக்கு 600 யூரோ, நடுவில் 400. நடுவில் விமானம் மாறிச் செல்லும் பயணத்தில் துண்டுகளைக் கூட்டலாமா என்ற வழக்கு ஐரோப்பிய நீதிமன்றம் வரை போனது. ரோமிலிருந்து பிரஸ்ஸல்ஸ் வழியாக ஹாம்பர்க் போன பயணம். துண்டுகளைக் கூட்டினால் 1,500-ஐத் தாண்டும், நேராக அளந்தால் தாண்டாது. புறப்பட்ட இடத்திலிருந்து கடைசி இடத்துக்கு நேராக அளக்க வேண்டும் என்று 2017-இல் தீர்ப்பு வந்தது. இழப்பீடு கேட்டு எழுதும்போது இந்த எண்ணை நீங்களே போட்டு வைத்திருந்தால் பேச்சு சீக்கிரம் முடியும்.

கார்பன் கணக்கில் ஆளுக்கொரு முறை. சர்வதேச சிவில் விமானப் போக்குவரத்து அமைப்பின் கணிப்பான் 5,500 கி.மீ.க்கு மேற்பட்ட பயணங்களுக்குப் பெருவட்ட தூரத்தோடு 125 கி.மீ. சேர்க்கிறது. ஐரோப்பிய உமிழ்வு வர்த்தகத் திட்டத்தில் எல்லாப் பயணத்துக்கும் 95 கி.மீ. பிரிட்டிஷ் அரசு வெளியிடும் உமிழ்வுக் கணக்கு எண்களில் எட்டு சதவீதம். நம் பாதைக்கு அந்த எட்டு சதவீதம் 16,567 கி.மீ. தருகிறது, உண்மையில் பறக்கும் தூரத்துக்கு மிக அருகில். நெடுந்தூரப் பயணங்களுக்கு எனக்கு இந்த மூன்றாவது முறைதான் நியாயமாகப் படுகிறது.

வெறும் எண் மட்டும் போதும் என்றால் கிரேட் சர்க்கிள் மேப்பர் தளத்தில் இரண்டு குறியீடுகளைத் தட்டினால் பாதையும் தூரமும் வந்துவிடும். கூகுள் எர்த்தின் அளவுகோலும் பெருவட்டத்தையே அளக்கும்.

போட்டுப் பார்க்க இரண்டு கணக்குகள்

சென்னை (12.9900, 80.1693) – ஹீத்ரோ (51.4706, −0.4619). லண்டன் கிரீன்விச்சுக்கு மேற்கே சற்றே இருப்பதால் அந்தச் சின்னக் கழித்தல் குறியை விட்டுவிடாதீர்கள். தீர்க்க வித்தியாசம் 80.6312. கோணம் 74.059 பாகை, தூரம் 8,235 கி.மீ. இங்கே காஸ் மதிப்பு கூட்டல் எண்ணாகவே வரும்.

பெர்த் (−31.9403, 115.9670) – ஹீத்ரோ. இங்கே அட்சரேகைக்குக் கழித்தல். கோணம் 130.476 பாகை, தூரம் 14,508 கி.மீ. உங்களுக்கு 8,860 வாக்கில் வந்தால் பெர்த்தின் கழித்தல் குறி தொலைந்துவிட்டது, நீங்கள் சீனாவுக்குள் எங்கோ இருந்து லண்டனுக்கு அளந்துகொண்டிருக்கிறீர்கள்.